மூளை ஸ்கேனில் தலை அசையாமலும் வலிக்காமலும் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை ஆய்வுக்காக எஃப்.எம்.ஆர்.ஐ. எடுக்கும் கூடங்களில் புதிதாகச் சேரும் மாணவர்களும் உதவியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்பதை, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் மாற்றத்தை வைத்துப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. முறைதான் எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுக்காகக் கருவிக்குள் படுக்கப் போகிறவர்களும் இதைப் படிக்கலாம், ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் நோய் கண்டறிய எடுக்கும் ஸ்கேனுக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் அங்கே மயக்க மருந்து கொடுப்பது போன்ற முடிவுகள் மருத்துவர் கையில்.

தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன குடி முழுகிப் போகிறது?

நாம் தேடுகிற மாற்றமே மிகச் சிறியது. 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில், மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பாகும்போது அங்கிருந்து வரும் சமிக்ஞை பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்தான் கூடும். மூளையை 2 அல்லது 3 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, இரண்டு விநாடிக்கு ஒருமுறையோ அதைவிட வேகமாகவோ முழுத் தலையையும் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். மூளையின் ஓரத்தில் இருக்கும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி மூளைத் திசு, பாதி மூளையைச் சுற்றியுள்ள நீர். தலை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அந்தப் பங்கு மாறிவிடுகிறது, சமிக்ஞையும் தாவுகிறது. நாம் தேடி வந்த 2 சதவீதம் அந்தத் தாவலுக்குள் காணாமல் போய்விடும்.

இதைவிடப் பெரிய தலைவலி, அசைவு ஒரு கண்டுபிடிப்பு மாதிரியே வேஷம் போடும் என்பது. 2012-இல் அமெரிக்காவின் மூன்று குழுக்கள், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் இருந்தவர்கள், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஸ்கேனில், தலை லேசாக அசைந்தால்கூட, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகமாகவும் தூரத்துப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு குறைவாகவும் தெரியும். குழந்தைகளின் மூளை பெரியவர்களின் மூளையிலிருந்து இப்படித்தான் வேறுபடுகிறது என்று அதுவரை பல கட்டுரைகள் சொல்லியிருந்தன. குழந்தைகள் அதிகம் அசைகிறார்கள் என்பதும் அதில் ஒரு பங்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முதியவர்கள், கவனக்குறைபாடு உள்ளவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் என்று எந்தக் குழுவை ஒப்பிட்டாலும் இதே கண்ணி காத்திருக்கிறது.

மூளையின் அமைப்பைக் காட்டும் படமும் தப்புவதில்லை. ஸ்கேனின்போது தலை அசைந்தால் சாம்பல் திசுவின் கன அளவும் தடிமனும் குறைத்து அளக்கப்படுகின்றன என்று 2015-இல் பாஸ்டன் குழு ஒன்று காட்டியது. ஆரோக்கியமான ஒருவரின் மூளை, அவர் அசைந்த ஒரே காரணத்துக்காகச் சுருங்கினாற்போலத் தெரியும்.

மென்பொருள்தான் எல்லாவற்றையும் சரிசெய்து விடுமே?

எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. என்று எதைப் பயன்படுத்தினாலும் முதல் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு படத்தையும் குறிப்பிட்ட ஒரு படத்தோடு பொருத்துவது. மூன்று திசையில் நகர்வு, மூன்று திசையில் சுழற்சி, ஆக ஆறு எண்கள். ஆனால் அது படத்தைத் திருப்பி வைக்கிறதே தவிர, அசைந்த நேரத்தில் நடந்த இயற்பியலைத் திருப்பி வைப்பதில்லை. படம் மெல்லிய அடுக்கு அடுக்காக எடுக்கப்படுகிறது. அடுக்குகளுக்கு நடுவே தலை நகர்ந்தால் ஒரு திசு குறித்த நேரத்துக்கு முன்போ பின்போ தூண்டப்பட்டுவிடும், அதன் பாதிப்பு அடுத்த சில படங்களிலும் ஒட்டிக்கொண்டு வரும். மூக்குக் குழிகளுக்கு மேலேயும் காதுகளுக்குப் பக்கத்திலும் காந்தப்புலம் ஏற்கெனவே நெளிந்திருக்கும். தலை சாய்ந்தால் அந்த நெளிவும் மாறும். இதையெல்லாம் ஆறு எண்களால் சொல்ல முடியாது.

எவ்வளவு அசைந்தார் என்பதை ஒரே எண்ணில் சொல்ல, அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையேயான நகர்வைக் கூட்டிப் பார்ப்பார்கள். தலையை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளமாக வைத்துச் சுழற்சியையும் மில்லிமீட்டராக மாற்றிக்கொள்வார்கள். ஒரு டிகிரி தலையாட்டல் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 0.87 மில்லிமீட்டர். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவின் 2012 கட்டுரையில் 0.5 மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களைத் தூக்கிப்போட்டார்கள். அப்புறம் பல கூடங்கள் 0.2-க்கு இறங்கிவிட்டன. தூக்கிப்போடலாம்தான், ஆனால் பத்து நிமிட ஸ்கேனில் நான்கு நிமிடம் குப்பைக்குப் போனால் மிச்சத்தை வைத்து என்ன சொல்வது? ஸ்கேன் எடுக்கும் முன் தலையணைக்குச் செலவழிக்கும் பத்து நிமிடம், பின்னால் கணினி முன் உட்காரும் பத்து நாளைவிட மலிவு என்பது என் கருத்து.

அப்படியானால் தலையை இறுக்கிக் கட்டிவிட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலும் கெடுதல்தான். தலையைச் சுற்றி நாம் எவ்வளவுதான் ஃபோமைத் திணித்தாலும், மண்டையோட்டுக்கு மேலே தோல் இருக்கிறது, அது வழுக்கும். ஒருவரைச் சுற்றி முழுவதும் அடைத்துவிட்டாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர இடம் இருக்கத்தான் செய்யும், நமக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே தொல்லை. தலையை அசையாமல் வைத்திருப்பது கடைசியில் படுத்திருப்பவர்தான். ஃபோம் அவருக்கு உதவி செய்கிறது, அவ்வளவே.

இறுக்கமாக அடைத்தால் முதல் ஐந்து நிமிடம் படம் அருமையாக வரும். இருபதாவது நிமிடத்தில் பொட்டு எலும்பில் வலி தொடங்கும், முப்பதாவது நிமிடத்தில் அவர் அந்த அழுத்தத்திலிருந்து தப்பிக்கத் தலையை ஒவ்வொரு நூலாக நகர்த்திக்கொண்டிருப்பார். அவருக்கே தெரியாமல் நடக்கும் இது. தலையின் அசைவைக் காட்டும் வரைபடத்தில் மெதுவாக ஏறும் கோடாகத் தெரிவது பெரும்பாலும் இந்த நகர்வுதான். இறுக்கம் பயத்தையும் கிளப்பும். ஆகவே முதலில் வசதி, அதற்குப் பிறகுதான் பிடிமானம். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கிடைக்காது.

சரி, ஃபோமும் தலையணையும் வைக்கும் முறை என்ன?

வளர்ந்த ஒருவரின் தலை நான்கரை முதல் ஐந்து கிலோ இருக்கும். மல்லாந்து படுக்கும்போது அத்தனை எடையும் பின்மண்டையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் இறங்குகிறது. முக்கால்வாசிப் புகார்கள் அங்கிருந்துதான் வரும். எனவே கீழிருந்து தொடங்குங்கள்.

ஹெட் காயில் எனப்படும் தலைக்கூண்டின் கீழ்ப்பாதியில் கருவியோடு வரும் பஞ்சுத் தட்டு ஒன்று இருக்கும். வெறும் அதை மட்டும் நம்ப வேண்டாம், பல கூடங்களில் அது வருடக்கணக்கில் அமுங்கித் தகடாகியிருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் அது தலையணையாக இருந்த காலம் முடிந்துவிட்டது. அதன்மேல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மெமரி ஃபோம் வையுங்கள். ஸ்கேன் அறை குளிராக இருப்பதால் மெமரி ஃபோம் விறைத்திருக்கும். உடல் சூட்டில் இளக ஓரிரு நிமிடம் ஆகும். அதனால் படுத்த உடனே மேல்மூடியைப் போடாமல், தலை தன் இடத்தைப் பிடிக்க விட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

அடுத்தது கழுத்து. பின்மண்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு வளைவு காலியாக இருக்கும். அங்கே சுருட்டிய சிறு துண்டு ஒன்றைச் செருகினால் தலையின் எடையில் ஒரு பங்கு கழுத்துக்குப் போய்விடும். துண்டு பெரிதாகிவிடக் கூடாது. மோவாய் மேலே தூக்கிக்கொண்டால் அது தப்பு, எச்சில் விழுங்கவும் கஷ்டமாகிவிடும். முகம் நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும், மோவாய் ஒரு துளி உள்ளே இழுத்தாற்போல.

பிறகுதான் பக்கவாட்டு. ஃபோம் துண்டுகளைக் காதுக்குச் சற்று மேலே, மண்டை அகலமாக இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நுழையுங்கள். ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் பிறகு என்றால் தலை திரும்பிவிடும். காதுமடல் மடங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். மடங்கிய காது இருபது நிமிடத்தில் நெருப்பாக எரியும். கையால் காற்றடித்து உப்பவைக்கும் பைகள் உங்கள் கூடத்தில் இருந்தால் அவை ஃபோமைவிட நல்லவை, ஏனென்றால் எவ்வளவு போதும் என்பதைப் படுத்திருப்பவரே சொல்ல முடியும். சிறுமணிகள் நிரப்பிக் காற்றை உறிஞ்சி இறுகவைக்கும் வெற்றிட மெத்தைகளும் உண்டு. தலை வடிவத்துக்கு அவை அழகாகப் பொருந்தும், ஆனால் 32 சேனல் காயில் போன்ற குறுகலான கூண்டில் பெரிய தலைக்கு இடம் இருக்காது.

எல்லாம் வைத்த பிறகு “இல்லை என்று தலையாட்டிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள், அப்புறம் “ஆமாம் என்று ஆட்டிப் பாருங்கள்”. முதலாவது பெரும்பாலும் அடங்கியிருக்கும். இரண்டாவது, அதாவது மேலும் கீழுமான அசைவு, அவ்வளவு எளிதில் அடங்காது. ஸ்கேனில் அதிகம் தொல்லை தருவதும் அதுதான். கடைசியாகக் கண்ணாடி. கூண்டின் மேல், சோதனைத் திரையைப் பிரதிபலிக்கும் அந்தச் சிறு கண்ணாடியில் திரையின் கீழ் விளிம்பு தெரியவில்லை என்றால் அவர் அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் மோவாயைத் தூக்குவார். “திரையின் நாலு மூலையும் தெரிகிறதா?” என்று கேட்டு, ஒவ்வொரு மூலையிலும் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

நடுவில் பின்மண்டை வலிக்கிறது என்று சொன்னால்?

வெளியே எடுத்துச் சரிசெய்யுங்கள். “இன்னும் ஐந்து நிமிடம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி எடுத்த ஐந்து நிமிடம் பயன்பட்டு நான் பார்த்ததில்லை. தலையை எடுத்துத் திரும்ப வைத்தால் இடம் காட்டும் படங்களையும் காந்தப்புலச் சரிசெய்தலையும் மறுபடி எடுக்க வேண்டும், அது தெரிந்ததுதான். இருந்தாலும் எடுங்கள்.

நெற்றியில் டேப் ஒட்டுவது உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது, கட்டிப்போடுவதால் அல்ல. காகித டேப் ஒன்றைக் கூண்டின் ஒரு விளிம்பிலிருந்து நெற்றி வழியாக மறு விளிம்பு வரை ஒட்டிவிட்டால், தலை கொஞ்சம் அசைந்ததும் தோல் இழுபடும். அந்த இழுப்பு அவருக்கு உடனே செய்தி சொல்கிறது. நாம் அசைகிறோம் என்பதே மற்றபடி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நெதர்லாந்துக் குழு ஒன்று 2019-இல் இதைச் சோதித்து, டேப் ஒட்டியபோது அசைவு குறைந்ததைக் காட்டியது. செலவு சில ரூபாய். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறு உத்தி இந்தத் துறையில் இல்லை என்பேன்.

ஒட்டும் முன் நெற்றியைத் துடைக்கச் சொல்லுங்கள். வியர்வை, எண்ணெய், விபூதி, சந்தனம் இருந்தால் பத்து நிமிடத்தில் டேப் கழன்று தொங்கும், அதுவே பிறகு ஒரு கவனச்சிதறல். புருவத்தில் ஒட்டிவிடாதீர்கள், எடுக்கும்போது திட்டு வாங்குவீர்கள். பிளாஸ்டர் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். லேசாகத் தொட்டபடி இருந்தால் போதும், விறைப்பாக இழுத்து ஒட்டத் தேவையில்லை.

ஆளுக்கேற்ற தலை அச்சு, கடிபலகை, முகமூடி இவையெல்லாம்?

கடிபலகை பழைய முறை. பல் அச்சு எடுத்து அதைக் கடித்தபடியே படுத்திருப்பது. பற்கள் மண்டையோட்டோடு நேரடியாக இணைந்திருப்பதால் பிடிமானம் அபாரம். ஆனால் எச்சில் ஊறும், தாடை வலிக்கும், பேச முடியாது. கண்ணின் அசைவையும் பார்வைப் பகுதியின் நுண்ணிய வரைபடத்தையும் ஆராய்பவர்கள், பழகிய சிலரை வைத்து இன்றும் பயன்படுத்துவது உண்டு. முதல்முறை வரும் தன்னார்வலருக்கு இது வேண்டாம்.

புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையில் பயன்படும் வலை முகமூடியை வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் அழுத்தி அச்சாக்குவார்கள். பிடிமானம் நல்லது, ஆனால் மூடிய முகத்தோடு குழாய்க்குள் போவது எல்லோருக்கும் ஆகாது.

தலையை முப்பரிமாணத்தில் படம்பிடித்து, அதே வடிவத்தில் குடைந்த நுரை அச்சுகள் பற்றிக் கருத்து ஒன்றாக இல்லை. 2019-இல் ஒரு குழு, சும்மா படுத்திருக்கும் ஸ்கேனில் அசைவு நன்றாகக் குறைகிறது என்றது. 2020-இல் இன்னொரு குழு, படம் பார்க்கும் சோதனையில் சொல்லும்படியான பயன் இல்லை என்றது. ஒருவரையே பத்துமுறை ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தலை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் உட்காரும் என்பதற்காகவே அச்சு செய்யலாம். ஒருமுறை மட்டும் வந்து போகிறவருக்குச் செலவு தண்டம்.

காதுக்கு என்ன செய்வது? சத்தத்துக்கும் அசைவுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. எஃப்.எம்.ஆர்.ஐ. ஓடும்போது சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். முதல் சத்தத்துக்கே தலை திடுக்கிடும். நுரை இயர்பிளக் சரியாகப் போட்டால் 30 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். சரியாகப் போடாவிட்டால் ஏறக்குறைய ஒன்றும் குறைக்காது. விரல்களுக்கு நடுவே மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையால் காதுமடலை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே விட்டு, உப்பும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி போடச் சொல்லுங்கள். அதன்மேல் ஹெட்போன் போட இடம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் காதுக்குள் போகும் மெல்லிய குழாய் வகை.

ஒவ்வொரு ஸ்கேன் தொடங்கும் முன்பும் “இப்போது டக் டக் என்று வேகமாகச் சத்தம் வரும், ஆறு நிமிடம்” என்று சொல்லிவிட்டால் பாதித் திடுக்கிடல் குறைந்துவிடும்.

கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் எதற்கு?

கால் அசைந்தால் தலை அசையும், அதனால்தான். முழங்காலுக்கு அடியில் ஆப்பு வடிவ மெத்தை வைத்தால் இடுப்பின் வளைவு படுக்கையில் படியும், முதுகு வலி தள்ளிப்போகும். முழங்கைகளுக்கு அடியிலும் ஏதாவது வையுங்கள். சோதனையில் பதில் சொல்லப் பொத்தானை அழுத்தும் கை அந்தரத்தில் இருந்தால் ஒவ்வொரு அழுத்தலும் தோள் வழியாகத் தலைக்கு ஏறும். போர்வை அவசியம், குளிரில் நடுங்குகிறவரை அசையாதே என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் ஸ்கேன் உடலைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்யும் என்பதால் கம்பளி வேண்டாம், மெல்லியதே போதும்.

கைகளைக் கோர்ப்பது, கால்மேல் கால் போடுவது இரண்டும் கூடாது. தோலோடு தோல் தொட்டு வளையம் உண்டானால் அந்த இடத்தில் மின்னோட்டம் ஓடித் தீப்புண் ஏற்படலாம். இது வசதியைப் பற்றியது அல்ல, பாதுகாப்பு விதி.

கடைசியாக, சிறுநீர். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பின்னல், கொண்டை, தாலி, மூக்குத்தி விஷயத்தில் எப்படி நடந்துகொள்வது?

முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள், அதுவும் முடிந்தால் பெண்களிடம் பெண் ஒருவர் பேசட்டும். உடை மாற்றும் அறை வாசலில் நின்றுகொண்டு “தாலியைக் கழற்றுங்கம்மா” என்று சொன்னால், அந்தச் சங்கடத்தோடுதான் அவர் போய்ப் படுப்பார். இறுகிய மனதோடு படுத்தவரின் தலை நிலைகொள்ளாது. தங்கம் காந்தத்தால் இழுக்கப்படாது என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு எஃகு, அது பறக்கும். முன்கூட்டியே சொன்னால் பலர் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் வருவார்கள். தாயத்து, வெள்ளி அரைஞாண், மெட்டி, புடவை ஊக்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். “உலோகம் ஏதாவது இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் இவற்றை யாரும் உலோகமாக நினைப்பதில்லை.

கூந்தலில் ஹேர்பின்னும் கிளிப்பும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பின்மண்டையில் கொண்டையோ ரப்பர் பேண்ட் முடிச்சோ இருந்தால் தலை அதன்மேல் உருளும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். நீளக் கூந்தலைத் தளர்வாக ஒரு தோள்மேல் முன்பக்கம் இழுத்துவிடச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வந்தால் ஃபோம் வழுக்கும், கறையும் படியும். துவைக்கக்கூடிய பருத்தித் துண்டை விரித்துவிட்டால் இரண்டுக்கும் தீர்வு. சவுரி வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அதைப் பிடிக்கும் பின் இல்லாமல் இருக்காது.

என்ன சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும்?

“ஆடாதீங்க” என்று மட்டும் சொன்னால் ஆள் விறைத்துப் போய்விடுவார். கழுத்துத் தசை இறுகும், இறுகிய தசை பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். நான் சொல்லச் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “தலையை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டாம், தலையணையில் போட்டுவிடுங்கள், கனமாக விழட்டும். கண் சிமிட்டலாம், எச்சில் விழுங்கலாம், மூச்சு சாதாரணமாக விடுங்கள். மூக்கு அரித்தால், சத்தம் நின்றதும் சொரிந்துகொள்ளலாம். அதற்கும் தலையைத் தூக்காமல் கையை மட்டும் கொண்டுவாருங்கள். இந்த ரப்பர் பந்தை அழுத்தினால் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துவிடுவோம்.” விழுங்குவதை அடக்கினால் கடைசியில் பெரிதாக விழுங்க வேண்டிவரும், அப்போது தலை மேலும் கீழும் ஆடும். அதனால்தான் அனுமதியை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது.

ஸ்கேன்களுக்கு நடுவே பேசுங்கள், ஆனால் பதில் நீளமாக வரும் கேள்வி வேண்டாம். பேசும்போது தாடையோடு தலையும் நகரும். “கட்டைவிரலை உயர்த்துங்கள்” என்றால் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகளை எப்படி அசையாமல் வைப்பது?

பழக்கிவிட்டு. நிஜக் கருவி போலவே குழாயும் கூண்டும் படுக்கையும் உள்ள, காந்தம் இல்லாத போலிக் கருவி பல கூடங்களில் இருக்கிறது. பதிவு செய்த சத்தத்தை ஓடவிட்டு, குழந்தை அசைந்தால் கார்ட்டூன் நின்றுவிடும்படி வைத்து விளையாட்டாகவே பழக்கலாம். அமெரிக்காவில் 21 மையங்களில் 9, 10 வயதில் தொடங்கிச் சுமார் 11,880 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஏ.பி.சி.டி. ஆய்விலும் போலிக் கருவிப் பயிற்சி உண்டு. கருவி வாங்க வழியில்லையா? துணி விளையாட்டுச் சுரங்கமும், செல்போனில் ஸ்கேனர் சத்தமும், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்வதும் போதும், முக்கால்வாசி வேலை நடந்துவிடும்.

படம் பார்க்கவிட்டால் குழந்தைகள் நன்றாக அடங்குகிறார்கள். திரையில் உள்ள சிலுவைக் குறியை வெறித்துப் பார்க்கச் சொன்னால் இல்லை. 2018-இல் வந்த ஆய்வில், படம் பார்ப்பதும் அசைவை உடனுக்குடன் திரையில் காட்டுவதும் பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கே அதிகம் உதவின. ஆனால் படம் பார்க்கும் மூளையும் சும்மா இருக்கும் மூளையும் ஒன்றல்ல, ஆய்வுக் கேள்விக்கு அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிப்புப் படம் போட்டு அவர்கள் சிரித்து ஆடினால் குற்றம் நம்முடையது. ஆய்வு ஸ்கேனுக்காக ஆரோக்கியமான குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூச்சுவிடுவதும் அசைவுக் கோட்டில் தெரிகிறதே, தலை உண்மையில் ஆடுகிறதா?

கொஞ்சம் ஆடுகிறது, மீதி தோற்றம். மார்பு விரியும்போது தலையைச் சுற்றிய காந்தப்புலமே லேசாக மாறும், படம் ஒரு திசையில் நகர்ந்தாற்போலக் காட்டும். விநாடிக்கும் குறைவான இடைவெளியில் எடுக்கும் வேகமான ஸ்கேன்களில் இது தெளிவாகத் தெரியும். மூச்சின் தாளத்தில் சீராக ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

குழாய்க்குள் போகப் பயப்படுகிறவரை என்ன செய்வது?

கட்டாயப்படுத்தக் கூடாது, முதல் விதி அது. தலைக்கூண்டின் மேல்மூடி இல்லாமல் ஒருமுறை உள்ளே போய் வரட்டும், அடுத்தது மூடியோடு. முகத்தில் காற்று படும்படி உள்ளிருக்கும் விசிறியைப் போடுங்கள். கண்ணாடியில் வெளியே இருப்பது தெரியும் என்று முன்பே காட்டுங்கள். சிலருக்குக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய், பிறகு திறப்பது சுலபமாக இருக்கிறது. அதற்கும் சரிவரவில்லை என்றால் நன்றி சொல்லி, வந்ததற்கான தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்?

ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். நேரம் ஆக ஆக அசைவு கூடுவது எந்தக் கூடத்தின் பதிவிலும் தெரியும். ஆகவே முக்கியமான ஸ்கேனை முன்னால் வையுங்கள். ஒரேயடியாக இருபது நிமிடம் ஓட்டுவதைவிட ஆறேழு நிமிடத் துண்டுகள் நல்லவை, நடுவே மூச்சு வாங்க, விழுங்க, விரல்களை நீட்டி மடக்க இடம் கிடைக்கும். சளி, இருமல் இருப்பவரை அன்றைக்கு எடுக்காமல் வேறு நாள் வரச் சொல்லுங்கள். தூங்கிவிடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூங்கினால் தலை அசையாது என்று சந்தோஷப்பட வேண்டாம், விழிக்கும்போது பெரிய குலுக்கலாக ஒன்று வரும்.

முடிந்த பிறகு செய்ய ஏதாவது இருக்கிறதா?

உடனே எழுந்து நிற்க விடாதீர்கள். கால் தொங்க ஒரு நிமிடம் உட்காரட்டும், தலைசுற்றல் வரலாம். 7 டெஸ்லா கருவியாக இருந்தால் அது இன்னும் அதிகம். டேப்பை மெதுவாக உரியுங்கள், இயர்பிளக் எடுக்கும் வரை காதுக்குப் பக்கத்தில் கத்திப் பேசாதீர்கள். அப்புறம், அவர் மறப்பதற்குள் எங்கே வலித்தது, எப்போது வலிக்க ஆரம்பித்தது, எந்த ஃபோம் வைத்தோம் என்று பதிவேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் அவர் மறுபடி வரும்போது ஷிஃப்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அந்தக் குறிப்பு இருக்கும்.